மெத்தென்றிருந்தால் போதுமா? கோல்ஃப் கிரிப் மாற்றும்போது பார்க்கவேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 58, வலக்கை ஆட்டக்காரன். சென்னை நந்தனத்தில் வாரம் இரண்டு நாள் காலையில் ஆடுகிறேன். கோடையில் பத்து நாள் கொடைக்கானலில் ஆடுவது வழக்கம். ஓராண்டாக இடக்கைக் கட்டைவிரலின் அடிமூட்டில் வலி இருக்கிறது. தேய்மானத்தின் தொடக்கம் என்றார் மருத்துவர். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கிளப்புகளில் (பந்தடிக்கும் கோல்களில்) உள்ள கிரிப்புகள், அதாவது ரப்பர் கைப்பிடி உறைகள், நான்கு ஆண்டுப் பழையவை, இறுகிப் பளபளக்கின்றன. இருப்பதிலேயே மெத்தென்ற கிரிப்பைப் போடும்படி கடைக்காரர் சொல்கிறார். தடிமனானதைப் போடும்படி நண்பர் சொல்கிறார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை என் கை 19.5 செ.மீ. எதை வாங்குவது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிக்கு அருகில் வருகிறது. கடைக்காரர் சொல்வதும் பிழையில்லை என்றாலும், அவர் கடைசியில் பார்க்கவேண்டியதை முதலில் பார்க்கிறார். கிரிப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தக்காளி வாங்குவதற்கு அது நல்ல முறை. கிரிப்பைப் பொறுத்தவரை, எவ்வளவு தளர்வாகப் பிடித்தாலும் கிளப் கைக்குள் திரும்பாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. மெத்தென்று இருந்தும் கைக்கு ஒல்லியாகவோ வியர்வையில் வழுக்குவதாகவோ இருக்கும் கிரிப்பை நீங்கள் உங்களையறியாமல் இறுக்கிப் பிடிப்பீர்கள். விரல் நுனியில் கொடுக்கும் அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்காகச் சேர்வதால், உங்கள் வலிக்கு அந்த இறுக்கம்தான் தீனி போடுகிறது. எனவே முதலில் தடிமன், அடுத்து மேற்பரப்பு, அதன்பிறகே மென்மை என்ற வரிசையில் பார்ப்போம்.

பழைய கிரிப்புகளை வெட்டி எறியும் முன் ஏழாம் அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத்தலைக் கிளப்பை) எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடது கட்டைவிரல் படியும் இடத்தில் ஒரு வழுவழுப்பான பள்ளம் விழுந்திருந்தால், நீங்கள் கட்டைவிரலை ஆப்பு போல ஊன்றிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதாவது சுண்டுவிரல் பக்கத்து மேடு, அடிக்கடி ஓட்டையாகிறது என்றால், அடிக்கும்போது கிளப் கைக்குள் நகர்கிறது. இந்த இரண்டு தடயங்களும் ஒன்றாக இருந்தால் உங்கள் கிரிப் கைக்குப் போதவில்லை என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம்.

தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் அளவுப் பட்டியலின்படி, கை நீளம் 17.8 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அண்டர்சைஸ், அதிலிருந்து சுமார் 22 செ.மீ. வரை ஸ்டாண்டர்ட், 21 முதல் 23.5 செ.மீ. வரை மிட்சைஸ், அதற்கும் மேலே ஜம்போ. இவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனியுங்கள்; பட்டியல் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. ஸ்டாண்டர்ட் கிரிப்பின் விட்டம் மேல்மூடியிலிருந்து 5 செ.மீ. கீழே ஏறக்குறைய 23 மி.மீ. இருக்கும், மிட்சைஸ் அதைவிட 1.6 மி.மீ. தடிமன், ஜம்போ 3.2 மி.மீ. தடிமன். பட்டியல் உங்களுக்கு ஸ்டாண்டர்ட் என்று சொல்லும். மூட்டு நலமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஒல்லியான உருளையை இறுக்கிப் பிடிக்க விரல்கள் அதிகம் மடங்கவேண்டும். சற்றுத் தடித்ததைக் குறைந்த மடிப்பிலேயே, குறைந்த விசையிலேயே பிடித்துவிடலாம். அதனால் உங்கள் கைக்கு ஒரு படி மேலே, மிட்சைஸ்தான் என் பரிந்துரை. இடக்கையால் மட்டும் பிடித்துப் பாருங்கள்: நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலின் அடிச் சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். விரல் நுனிகள் சதைக்குள் அழுந்தினால் கிரிப் ஒல்லி. விரலுக்கும் சதைக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி தெரிந்தால் தடிமன் மிகுதி. ஜம்போவுக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. அளவு மீறிய தடிமனும் விரல்களை விரித்துவைத்து மூட்டை வருத்தும்.

தடிமனான கிரிப் போட்டால் பந்து வலப்பக்கம் வளையும், ஒல்லியானது போட்டால் இடப்பக்கம் வளையும் என்று மைதானத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம் அது. மூட்டு வலியோடு ஆடுகிறவர் அதற்கு அஞ்சி ஒல்லியான கிரிப்பிலேயே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைக்காரர்களே சிலசமயம் கவனிக்காத ஒன்று, கிரிப்பின் உள்விட்டம். கிரிப்பின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் எம்60ஆர், எம்58ஆர் என்பதுபோல ஒரு குறி அச்சிட்டிருக்கும். 60 என்பது 0.600 அங்குல விட்டமுள்ள ஷாஃப்டுக்கு, அதாவது கிளப்பின் தண்டுக்கு, உரியது. ஆர் என்றால் முழு வட்டம். 0.600 அங்குல ஷாஃப்டில் 58 குறியிட்ட கிரிப்பை ஏற்றினால், ரப்பர் விரிந்து, வாங்கியதைவிட ஏறக்குறைய அரை மி.மீ. தடித்துவிடும். உங்கள் அயர்ன்கள் இரும்பு ஷாஃப்ட், டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) கிராஃபைட் என்றால் இரண்டின் மேல்முனை அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாமல், பழைய கிரிப்பைக் கழற்றியதும் வெர்னியர் காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். மிட்சைஸ் கிடைக்காவிட்டால், ஸ்டாண்டர்டின் அடியில் கூடுதல் சுற்று டேப் போட்டும் தடிமனை ஏற்றலாம். ஒரு சுற்று, விட்டத்தில் கால் மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கும். மேலிருந்து கீழே போகப்போகத் தடிமன் குறைவாகவே சரியும் கிரிப்புகளும் உண்டு. கோல்ஃப் பிரைட் நிறுவனம் 'பிளஸ்4' என்று விற்பது அந்த வகை. கீழ்க்கை பிடிக்கும் இடத்தில் நான்கு சுற்று டேப் போட்டதற்கு ஈடான தடிமன் அதில் வார்ப்பிலேயே வந்துவிடுகிறது. உங்கள் வலக்கையும் இறுகும் பழக்கமுள்ளது என்றால் அதை எண்ணிப்பார்க்கலாம்.

மேற்பரப்பைத் தீர்மானிக்கும்போது உங்கள் இரண்டு ஊர்களும் எதிரெதிரே நிற்கின்றன. சென்னையின் புழுக்கத்தில் நான்காவது ஹோல் முடிவதற்குள் கையுறை நனைந்துவிடும். கொடைக்கானலின் விடியற்குளிரில் அதே ரப்பர் விறைத்து வழுக்கும். ரப்பரோடு பருத்தி நூலை நெய்ததுபோல் கலந்த கார்ட் கிரிப் ஈரத்தில் நன்றாகப் பற்றும். ஆனால் சொரசொரப்பானது, விறைப்பானது. மேற்பாதி கார்டும் கீழ்ப்பாதி வெறும் ரப்பருமாக வரும் கலப்பு வகையில் ஒரு நியாயம் இருக்கிறது: கையுறை போட்ட இடக்கை மேலே இருப்பதால் சொரசொரப்பு உறைக்காது, வெறும் கையான வலக்கைக்கு மென்மையான பகுதி கிடைக்கும். இருந்தாலும் வலி உங்களுக்கு இடக்கையில்தான் என்பதால் அதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன். ஈரத்திலும் பற்றும்படி செய்த, மிருதுவான பாலிமர் அல்லது மென்ரப்பர் கிரிப்பில் தொடங்குங்கள். வின் நிறுவனத்தின் 'ட்ரை-டேக்' இந்த இனத்தைச் சேர்ந்தது. இவை சீக்கிரம் தேய்ந்து ஓரம் உரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதப் புழுக்கத்திலும் கை நழுவுகிறது என்றால் அப்போது கலப்பு வகைக்கு மாறலாம்.

விரல்கள் பதிவதற்கென்றே பள்ளம் வார்த்த கிரிப்புகள் கையில் எடுத்தவுடன் சுகமாகத் தோன்றும். அவை பயிற்சிக்கு மட்டும். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகளின் உபகரண விதிகளின்படி, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டரைத் தவிர மற்றெல்லாக் கிளப்புகளின் கிரிப்பும் வட்டக் குறுக்குவெட்டோடு, விரல் வார்ப்போ, நடுவே ஒடுக்கமோ புடைப்போ இல்லாமல் இருக்கவேண்டும். முழு நீளத்துக்கும் நேராக ஓடும், சற்றே எழும்பிய ஒரு மேட்டுவரிக்கு அனுமதி உண்டு. எந்த கிரிப்பும் எவ்விடத்திலும் 44.45 மி.மீ.க்கு மேல் தடித்திருக்கக் கூடாது.

எடையைப் பற்றி ஒரு சொல். ஸ்டாண்டர்ட் கிரிப் ஏறக்குறைய 50 கிராம். மிட்சைஸில் பத்துப் பதினைந்து கிராம் கூடும். கைப்பக்கம் ஐந்து கிராம் ஏறினால் கிளப்பின் தலை ஒரு ஸ்விங்வெய்ட் புள்ளி (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு) குறைந்ததுபோல லேசாகத் தெரியும். முதல் வாரம் தலை எங்கிருக்கிறது என்றே புரியாதது போலிருக்கும், பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். அதைச் சகிக்க முடியாதவர்கள் குறைந்த எடையுள்ள மிட்சைஸைக் கேட்டு வாங்கலாம்.

பொருத்தும் வேலையைப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. நீங்களே செய்வதானால், பழையதைக் கொக்கி முனைப் பிளேடால் உடலுக்கு எதிர்ப்புறமாக வெட்டுங்கள். நேர் பிளேடு கிராஃபைட் ஷாஃப்டின் இழைகளைக் கீறிவிடும். பழைய டேப்பைச் சுத்தமாக உரித்து, இருபக்கமும் ஒட்டும் புதிய டேப்பைச் சுற்றுங்கள். கிரிப்பின் மேல்துளையை ஒரு டீயால் (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சியால்) அடைத்து, உள்ளே டர்பன்டைனை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின்மேலும் வழியவிட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் ஏற்றவேண்டும். பாதியில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சன்னலைத் திறந்துவையுங்கள், பெட்ரோலைத் தொடவேண்டாம். ஒருநாள் முழுதும் உலர விடுங்கள். அதன்பிறகு கிளப்புகளைக் கார் டிக்கியில் போட்டுவைக்கும் பழக்கத்தை விடவேண்டும். சென்னை வெயிலில் மூடிய டிக்கியின் சூடும், கையில் ஒட்டிய சன்ஸ்கிரீன் எண்ணெயும்தான் ரப்பரை இறுக்கிப் பளபளக்க வைக்கின்றன. மாதமொருமுறை வெதுவெதுப்பான நீரும் சிறிது பாத்திரச் சோப்பும் போட்டு மென்தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள். வாரம் இருமுறை ஆடும் உங்களுக்கு ஆண்டுக்கொருமுறை மாற்றுவது மிகையன்று.

பை முழுவதற்கும் ஒரே நாளில் வாங்கவேண்டாம். ஏழாம் அயர்னுக்கு மட்டும் ஒரு மிட்சைஸ் போட்டு, புதுக் கையுறையோடு மூன்று வாரம் ஆடுங்கள். பிடிக்கும்போது இடது கட்டைவிரலை ஷாஃப்டின் வழியே நீட்டி இழுக்காமல், சற்று உள்ளிழுத்து வையுங்கள். அடிமூட்டின் மீதுள்ள இழுப்பு குறையும். மூன்றாம் வார முடிவில் கையுறையின் அந்தச் சுண்டுவிரல் மேட்டைப் பாருங்கள். தோல் அங்கே பளபளக்கத் தொடங்கியிருந்தால், கிளப் இன்னும் கைக்குள் நகர்கிறது. கிரிப் ஈரத்தில் வழுக்குகிறதா, தடிமன் போதவில்லையா என்று பார்த்து, முதலாவது என்றால் கலப்பு வகைக்கு மாறுங்கள், இரண்டாவது என்றால் அடியில் இரண்டு சுற்று டேப்பைக் கூட்டச் சொல்லுங்கள். தோல் புதிதாகவே இருந்து, ஆடிய அன்று மாலை கட்டைவிரலும் தொல்லை கொடுக்கவில்லை என்றால், பட்டரை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றுக்கும் அதே கிரிப்பை வாங்கிவிடலாம்.