மெல்லிய ஷூவோடு காட்டுப் பாதையில் ஓடலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகத் தார்ச்சாலையில் வாரம் மூன்று நாள் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். குதிகாலில் தடித்த மெத்தை வைத்த ஷூதான். இப்போது மலைப்பாதை, காட்டுப்பாதை என்று டிரெயில் ரன்னிங் பக்கம் போக ஆசை. மினிமலிஸ்ட் ஷூ, அதாவது மெத்தையில்லாத மெல்லிய ஷூ போட்டால் பாதம் வலுவாகும், முழங்கால் வலியே வராது என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வாங்கலாம். ஆனால் அந்த விளம்பரத்தை நம்பி வாங்காதீர்கள். விரலுக்கு விரல் தனி உறை வைத்த வைப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூ ஞாபகம் இருக்கிறதா? பாதத் தசை வலுப்படும், காயம் குறையும் என்று சொல்லித்தான் அதையும் விற்றார்கள். அதற்கு ஆதாரம் எங்கே என்று 2012-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2014-ல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

அதற்காக இந்த ரக ஷூவே மோசம் என்று சொல்லவில்லை. எடை குறைவு, விரல்கள் விரிய இடம் உண்டு, காலுக்கு அடியில் கல்லா வேரா என்று மிதித்ததுமே தெரியும். காட்டுப் பாதையில் அந்தத் தொடு உணர்வு ஒரு தனி சுகம். அதற்காக வாங்குங்கள்.

வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். இதைத்தான் டிராப் என்கிறார்கள். மினிமலிஸ்ட் ஷூவில் அது பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். முழங்காலுக்குப் போகிற பாரம் கொஞ்சம் குறையும். அது கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கும் வந்து சேரும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவமுள்ள ஓட்டக்காரர்களைப் பத்து வாரத்தில் மெல்லிய ஷூவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோத்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. எலும்பு திணறுகிறது என்பதற்கு அது முதல் அடையாளம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். புது ஷூ வந்த மறுநாளே ஆறு கிலோமீட்டர் ஓடினேன், அதில் பாதி இறக்கம். ஓடும்போது பறப்பது போலத்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாள் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

எனவே புதுப் பாதை, புது ஷூ இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். காட்டுப் பாதைக்கு இப்போதைக்குப் பழைய ஷூ போதும், காய்ந்த மண் பாதைக்கு அது தாங்கும். புது ஷூவை முதல் இரண்டு மூன்று வாரம் நடக்க மட்டும் போடுங்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஓட்டத்தின் தொடக்கத்தில் ஐந்து, பத்து நிமிடம். மீதியைப் பழைய ஷூவில் ஓடுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது சகஜம். பாதத்தின் மேல்பக்கத்தில் "இதோ இங்கே" என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போகிறவர்கள் இந்த ஷூ பக்கமே போக வேண்டாம்.

சரி, கடைக்குப் போவோம். மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். ஷூவைப் பாய் போலச் சுருட்டிப் பாருங்கள். சுருண்டால் மினிமலிஸ்ட்தான்.

பலர் ஏமாறுவது ஜீரோ டிராப் என்ற சொல்லில். அது குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம் என்று மட்டும்தான் சொல்கிறது, சோல் மெல்லியது என்று சொல்லவில்லை. ஆல்ட்ரா நிறுவனத்தின் லோன் பீக் என்ற ஷூ ஜீரோ டிராப்தான், ஆனால் காலுக்கு அடியில் சுமார் 25 மி.மீ. இருக்கிறது. உங்களுக்கு முதல் ஜோடியாக அப்படி ஒன்று வாங்கினாலும் தப்பில்லை என்பேன்.

சோலின் அடியில் உள்ள பற்கள் காய்ந்த தரைக்கு 3, 4 மி.மீ. போதும், சேற்றுக்கு 5-க்கு மேல் வேண்டும். ஈரப் பாறையில் பல்லைவிட ரப்பரின் தரம்தான் பிடிக்கும். கூர்கல் பாதையென்றால் சோலுக்குள் மெல்லிய தகடு வைத்த ரகம் உண்டு, ஆனால் தரை அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியுமா? எத்தனை நாள் உழைக்கும்?

பதில்: விற்பவரின் நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். மண் ஒட்டிய ஷூவைப் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள். அதனால் ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் நடந்து, முடிவு செய்யும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உழைப்பைப் பொறுத்தவரை, அமுங்கிப்போக இதில் மெத்தை கிடையாது. ரப்பர் தேயும்வரை ஓடலாம். காட்டுப் பாதையில் முதலில் கிழிவது பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கத் துணிதான். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.