பத்துத் தலையோடு 21 கிலோமீற்றர்

கூட்டாளியோடு இராவணன் வேடத்தில் அரை மரதன் ஓட ஆசை, ஆனால் அவன் என்னைவிட மெதுவாக ஓடுவானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. 21.1 கிலோமீற்றரும் அவனுடைய வேகத்திலேயே ஓடுங்கள். இரண்டு பேரும் மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால் சரி.

எனக்குப் பயம் அந்தப் பத்துத் தலையில்தான். திருகோணமலையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் காட்போட் தலைகள் பாய்மரம் மாதிரி இழுக்கும். மற்ற ஒன்பதையும் ரீசேட்டில் வரைந்துவிடுங்கள், அந்த ஊர்ச் சிவன் கோணேசர் கோபிக்க மாட்டார். ஒட்டுமீசை வியர்வையில் கழன்றுவிடும், வேண்டாம். அக்குளிலும் தொடையிலும் வாசலின் பூசுங்கள். பிறகு, ஒரு விடியற்காலையில் அதே உடுப்போடு உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் நீளமாக ஓடிப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.