நேரலைக் கச்சேரியில் நேரில் கேட்கும் நிறைவு ஏன் வருவதில்லை?

2020 மார்கழியில் கொரோனாவால் சென்னை சபாக்கள் பல இணையத்துக்கு மாறியதிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. ஒலித்தரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

முதல் காரணம் தாமதம். பரவலாகப் புழங்கும் முறையில் ஒளிபரப்பு 6 நொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. பிளேயர் மூன்று துண்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். ஆக, சுமார் 18 நொடி பின்தங்கல். நிரவலில் (பாட்டின் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் கட்டம்) ஒரு அருமையான பிடி விழுந்ததும் நீங்கள் 'பலே' என்று தட்டச்சு செய்கிறீர்கள். அது மேடைக்குப் போய்ச் சேரும்போது பாடகர் அடுத்த கட்டமான ஸ்வரத்துக்கே போயிருப்பார். சபையில் அந்த ஒரு 'பலே'தான் அவரை இன்னொரு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) பாட வைக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கல் இணையத்தில் அறுந்துபோகிறது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இது இன்னும் உறைக்கும்: முத்தாய்ப்பான கோர்வை முடிந்து சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், விழும்போது கைதட்டல் இல்லாத வெறுமை மிருதங்கக் கலைஞர் முகத்திலேயே தெரியும்.

ஜூம் வழியே நடத்தினால் இன்னொரு சிக்கல். அதன் இரைச்சல் நீக்கி, தம்புராவின் இடைவிடாத நாதத்தை மின்விசிறிச் சத்தமாக எண்ணி விழுங்கிவிடும். சுருதியே காணாமல் போகும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைக் கட்டாயம் இயக்குங்கள்.

நடத்துபவர்களுக்கு: 20 பேரையாவது அரங்கில் உட்காரவைத்து, அவர்கள் பக்கம் தனியாக ஒரு மைக் வையுங்கள். கேட்பவர்களுக்கு: கைபேசி ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கள். இடையில் நிறுத்தாமல், தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள்.