சி மொழியில் இரு பரிமாண அர்ரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது நெடுவரிசை எண்ணிக்கை ஏன் கட்டாயம்?

இரு பரிமாண அர்ரேயை (வரிசை, நெடுவரிசையாக எண்ணும் மதிப்புகளின் தொகுப்பு) ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது வரிசை எண்ணிக்கையை விட்டுவிடலாம், நெடுவரிசை எண்ணிக்கையை மட்டும் ஏன் விடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் நினைவகத்தில் இருக்கிறது. அ[3][4] (3 வரிசை, 4 நெடுவரிசை) என்று அறிவித்தால் அங்கே கட்டம் எதுவும் உருவாவதில்லை. 12 எண்களும் ஒரே நீளமாக அடுத்தடுத்து உட்காருகின்றன. முதல் வரிசையின் நான்கும் முடிந்த பிறகுதான் அடுத்த வரிசை.

சரி, அ[2][1] வேண்டும் என்றால்? சி 0-இலிருந்து எண்ணுவதால் அதற்கு முன்னால் இரண்டு முழு வரிசைகள் இருக்கின்றன. கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) 2×4+1 என்று கணக்கிட்டு, தொடக்கத்திலிருந்து 9 இடம் தள்ளிப் போகிறது. இந்தக் கணக்கில் 4 வருகிறது, 3 வரவே இல்லை பாருங்கள். அதனால்தான் 4 தெரியாமல் ஒரு வரிசையைக்கூடத் தாண்ட முடியாது.

அப்புறம், எல்லை மீறினால் சி தடுக்காது. அ[0][4] என்று எழுதினால் பல சமயம் அ[1][0]-இன் மதிப்பே வந்து நிற்கும். விதிப்படி அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று சி எந்த உறுதியும் தராது, தயவுசெய்து நம்பாதீர்கள். அதனால் எண்ணிக்கையோடு ஒப்பிடும் லூப் நிபந்தனையில் <= வேண்டாம், < போடுங்கள்.