பூக்கிறது, காய்க்கவில்லை: கோடையில் தக்காளிக்கும் பூசணிக்கும் என்ன ஆகிறது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் தக்காளி, பூசணி, சாமந்தி வைத்திருக்கிறேன். வெயில் ஏறியதிலிருந்து தக்காளிப் பூ எல்லாம் கொட்டிவிடுகிறது. பூசணியில் பிஞ்சு தெரிகிறது. நாலைந்து நாளில் மஞ்சளாகி அழுகி விழுகிறது. உரம் கூட்டலாமா, பூ நிற்க டானிக் அடிக்கலாமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு செடிக்கும் காரணம் வெவ்வேறு. உரக்குறை என்ற சந்தேகம் கடைசியில்தான் வர வேண்டும்.

தக்காளிக்கு வெப்பம்தான் பகை. பூக்காம்பின் நடுவில் ஒரு சிறு கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளானால், விரல் பட்டாலே பூ அங்கே ஒடிந்துவிடும். பகலில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்கினாலோ மகரந்தம் வீரியம் இழக்கும். பகல் வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இரவு வெக்கையும் அதே அளவுக்குக் கெடுக்கும். மலர்ந்த பூ ஒன்றை உற்றுப் பாருங்கள். நடுவில் மகரந்தம் இருக்கும் மஞ்சள் கூம்பு தெரியும். வெப்பத்தில் வாடிய பூக்களில், மகரந்தத்தை வாங்கும் நுனியான சூல்முடி அந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மகரந்தம் அதற்கே எட்டாது.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. பூ மலர்வதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மகரந்தம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதனால் வெயில் தணிந்த மறுநாளே காய் பிடிக்கவில்லையே என்று செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

உச்சி வெயில் நேரத்தில் 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். தூரைச் சுற்றி காய்ந்த இலையால் மூடாக்கு போட்டு, அதிகாலையில் வேர் நனையும்படி தண்ணீர் விடுங்கள். காலையில் பனி உலர்ந்ததும் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டினால் இருக்கும் நல்ல மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் விழும். அடுத்த கோடைக்கு செர்ரி தக்காளி வைத்துப் பாருங்கள். பெரிய ரகங்களைவிட அது வெப்பத்தில் நன்றாகவே காய் பிடிக்கும்.

பூசணியின் கதை வேறு. நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது மகரந்தம் சேராத பெண் பூவின் சூலகம், அதாவது மகரந்தம் சேர்ந்தால் காயாக வளரும் பகுதி. பூவோடு சேர்ந்தே அது உருண்டையாக இருக்கும். மகரந்தம் கிடைக்காவிட்டால் சுருங்கி அழுகும். பூசணி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் பறக்காது, தேனீதான் சுமந்து வர வேண்டும். பூ விடியலில் திறந்து நண்பகலுக்குள் மூடிவிடும். அந்த ஒரு காலைதான் வாய்ப்பு.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. விடிந்ததும், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். அடியில் உருண்டை இல்லாமல் நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ. இதழ்களைக் கிழித்தெடுத்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடி மடல்கள் எல்லாவற்றிலும் படும்படி தடவுங்கள். ஒன்றில் மட்டும் பட்டால் காய் கோணலாக வரலாம். மூன்று நான்கு பூக்களுக்கு இப்படிச் செய்து அடையாளமாக நூல் கட்டுங்கள். ஒரு வாரத்தில் அவை மட்டும் பருத்தால், குறை மகரந்தச் சேர்க்கையில்தான். கொடி ஏற்கெனவே இரண்டு பெரிய காய் தாங்கி நின்றால் மட்டும், புதுப் பிஞ்சுகளை அதுவே கழித்துவிடும். அதற்கு வருந்த வேண்டாம்.

சாமந்தியைப் பூசணிக்கு அருகில் நகர்த்துங்கள். அடுக்கு இதழ் ரகத்தைவிட ஒற்றை இதழ் ரகத்துக்குத் தேனீ அதிகம் வரும். பூச்சிக்கு எது தெளித்தாலும் மாலையில், பூ மூடிய பிறகு தெளியுங்கள். இலை கரும்பச்சையாகச் செழித்துப் பூ மட்டும் குறைந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். சில வாரங்களுக்கு யூரியாவும் பச்சைச் சாணமும் நிறுத்துங்கள்.