ட்ரைமிக்ஸ் பில்லில் ஹீலியம்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: ஆழமான டைவுக்கான ட்ரைமிக்ஸுக்கு, அதாவது ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் மூன்றும் கலந்த சுவாசக் கேஸுக்கு, ஹீலியம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. பல வருடமாகக் கேஸ் கலந்து கொடுக்கிற ஆள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும். அதனால் எல்லாக் கணக்கும் லிட்டரில்தான். நீங்கள் வாங்கும் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அண்ணா, ட்ரைமிக்ஸ் கோர்ஸில் சேரப்போகிறேன். 60 மீட்டர் டைவ் ஒன்றுக்கு எவ்வளவு ஹீலியம் ஆகும்?

12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 232 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 24 × 232 = 5,568 லிட்டர் கேஸ். அதில் 18/45 கலவை, அதாவது ஆக்சிஜன் 18, ஹீலியம் 45, மீதி நைட்ரஜன். ஹீலியம் மட்டும் ஏறக்குறைய 2,500 லிட்டர். பில்லில் வருவது இதுதான்.

நீங்கள் சுவாசிப்பது வேறு கணக்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 60 மீட்டரில் அழுத்தம் 7 பார் என்பதால் 140 லிட்டர் இழுப்பார். 20 நிமிடத்துக்கு 2,800 லிட்டர். இறங்குவதற்கும், டீகோ கேஸுக்கு (உடம்பில் கரைந்த கேஸ் வெளியேற, ஏறும் வழியில் நின்று நின்று வரும்போது சுவாசிப்பது) மாறும் வரை ஏறுவதற்கும் இன்னும் கொஞ்சம். எப்படிப் பார்த்தாலும், ஒழுங்காகத் திட்டமிட்ட டைவில் மூன்றில் ஒரு பங்கு கேஸ் உங்களோடு திரும்பி மேலே வரும், வர வேண்டும். அது ஆபத்துக்கு வைத்த கேஸ். அதில் கை வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஆனால் மேலே வந்தபிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

எங்களுக்குக் கேஸ் நிரப்புபவர் மிச்சத்தை வெளியே விட்டுவிட்டுப் புதிதாகக் கலக்கிறார். இது சரியா?

எனக்கு வயிறு எரிகிறது. 80 பார் 18/45 மிச்சம் என்றால் அதில் 36 பார் ஹீலியம் இருக்கிறது. 232 பாருக்கு மொத்தம் 104 பார் தேவை. ஆக, 68 பார் சேர்த்தால் போதும். மூன்றில் ஒரு பங்கு காசு கையிலேயே நிற்கிறது. மீதி 84 பாரை 32 சதவீத நைட்ராக்ஸால் (ஆக்சிஜன் 32, மீதி நைட்ரஜன்) நிரப்பினால் திரும்பவும் 18/45 பக்கத்தில் வந்து நிற்கும், தனியாக ஆக்சிஜன் ஊற்றவும் வேண்டியதில்லை.

இரண்டு நிபந்தனை. மிச்சத்தை முதலில் அனலைசரில் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் காட்டும் கருவி போதாது, ஹீலியமும் காட்ட வேண்டும். நிரப்பியபிறகு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அடுத்தது, ஒன்றிரண்டு கலவைகளிலேயே நில்லுங்கள். ஒவ்வொரு டைவுக்கும் புதுப்புது சதவீதம் கேட்பவரின் மிச்சம்தான் யாருக்கும் உதவாமல் காற்றோடு போகிறது.

சார், 60 மீட்டருக்கு 18/30 போதாதா? அந்தக் காலத்தில் வெறும் காற்றிலேயே போனார்களே!

போனார்கள். திரும்பி வராதவர்களும் உண்டு.

ஆழத்தில் போதைபோல் மூளையை மழுக்கும் நைட்ரஜன் மயக்கத்தை மட்டும் நினைத்து, ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று பலர் ஹீலியத்தைக் குறைக்கிறார்கள். மயக்கத்தை விட என்னைப் பயமுறுத்துவது கேஸின் அடர்த்தி. 60 மீட்டரில் காற்று லிட்டருக்கு 9 கிராம். 18/30 என்றால் 6.7 கிராம். 18/45 என்றால் 5.6. 15/55 என்றால் 4.8. ஆய்வாளர்கள் ஆந்தனி, மிட்செல் இருவரும் 2016-ல் டைவர்களின் சோதனைத் தரவுகளை ஆராய்ந்து சொன்ன வரம்பு: முடிந்தவரை 5.2-க்குள், எப்படியும் 6.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளத் திணறும். அது உடம்பில் தேங்கினால் மூச்சு வாங்கும், புத்தி மங்கும், நைட்ரஜன் மயக்கமும் ஆக்சிஜன் நச்சும் கூடவே ஏறும். 18/30-இல் மிச்சமாகும் சுமார் 830 லிட்டர் ஹீலியத்துக்கு இது ரொம்ப அதிக விலை. காசில்லாவிட்டால் 40 மீட்டரில் பார்க்க நிறைய இருக்கிறது, அங்கே போங்கள்.

பலூன் ஹீலியம் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். அதில் காற்று கலந்திருக்கலாம், எவ்வளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை. சிலிண்டரின் முந்தைய கதையும் தெரியாது. அதே சமயம் ஆய்வுக்கூடத்துக்கான 99.999 சதவீதமும் உங்களுக்குத் தேவையில்லை. கடைசி ஒன்பதுக்குக் கொடுக்கும் காசு வீண். எந்தத் தரம் என்று சான்றோடு வரும் சாதாரணத் தொழில் தரத்தை, சுவாசத்துக்கு ஏற்றதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்து வாங்குங்கள்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து 50 லிட்டர் ஹீலியம் சிலிண்டர் வாங்கினோம். 200 பார், ஆக 10,000 லிட்டர் என்று பங்கு போட்டோம். கணக்கு உதைக்கிறது. யாரோ ஏமாற்றுகிறார்களா?

யாரும் ஏமாற்றவில்லை, நட்பைக் காப்பாற்றுங்கள். அழுத்தம் ஏற ஏற ஹீலியம் பள்ளிக்கூடச் சூத்திரத்துக்கு அடங்காது. 200 பாரில் அந்தச் சிலிண்டரில் இருப்பது 9,100 லிட்டர் சுமார்.

அடுத்த ஓட்டை: பெரிய சிலிண்டரில் அழுத்தம் 60 பாருக்கு இறங்கிவிட்டால், ஏற்கெனவே 80 பார் மிச்சம் இருக்கும் டைவ் சிலிண்டருக்குள் அது தானாகப் போகாது. அந்த 60 பாரோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். மூன்று சிலிண்டர் இருந்தால் எப்போதும் அழுத்தம் குறைந்ததிலிருந்து தொடங்கி, கடைசியில் நிறைந்ததைத் திறங்கள். ஆள் அதிகம் என்றால் அழுத்தம் ஏற்றித் தள்ளும் பூஸ்டர் பம்ப் வாங்கலாம். கம்ப்ரெசர் உறிஞ்சும் காற்றோடு ஹீலியத்தைக் கலந்து ஏற்றும் முறையில் சிலிண்டரைக் கிட்டத்தட்ட அடி வரை காலி செய்யலாம். ஆனால் அதைச் செய்ய அதற்கான பயிற்சி வேண்டும்.

ரீபிரீதர் வாங்கினால் ஹீலியம் செலவிலேயே போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார்கள். உண்மையா?

ஆளைப் பொறுத்தது. ரீபிரீதர் என்பது வெளிவிட்ட மூச்சைச் சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி. அதில் ஆக்சிஜனோடு சேர்க்கும் கலவை இருக்கும் டைலுயெண்ட் சிலிண்டர் 3 லிட்டர், 200 பார்: 600 லிட்டர். 15/55 என்றால் முழுதாகத் தீர்ந்தாலும் 330 லிட்டர் ஹீலியம், பெரும்பாலும் அதில் பாதிகூட ஆகாது. மூச்சைத் தண்ணீரில் விட்டுவிடும் சாதாரண ஓப்பன் சர்க்யூட்டில் அதே டைவுக்கு 1,300 லிட்டருக்கு மேல் போகிறது. ஆக, டைவுக்குச் சுமார் 1,000 லிட்டர் மிச்சம். கருவி, பயிற்சி, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சுண்ணாம்பு, அவ்வப்போது மாற்றும் ஆக்சிஜன் சென்சார் எல்லாவற்றையும் கூட்டி, 1,000 லிட்டர் விலையால் வகுங்கள். வரும் எண்ணிக்கை உங்களுக்கு இரண்டு வருடமா, இருபது வருடமா என்பது தெரிந்துவிடும். வருடத்துக்கு நாலு ஆழ டைவ் போகிறவருக்கு ஒருநாளும் திரும்பாது.

ரீபிரீதர் கைவிட்டால் சுவாசிக்க வைத்திருக்கும் பெயிலவுட் சிலிண்டரைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதிலும் ஹீலியம் வேண்டும். பயன்படுத்தாதவரை அப்படியே இருக்கும் என்பது ஆறுதல். ஆனால் ‘எப்படியும் தொடப்போவதில்லை’ என்று அதில் மலிவான கலவை போடாதீர்கள். பெயிலவுட்டுக்கு மாறும் நேரத்தில்தான் உங்கள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கும். மூச்சு வாங்கும் ஆளுக்குத்தான் லேசான கேஸ் தேவை.

பிரபஞ்சத்தில் ஹைட்ரஜனுக்கு அடுத்து ஹீலியம்தான் அதிகம். அப்புறம் ஏன் விலை ஏறுகிறது?

சூரியனில் இருந்து குழாய் போட முடியாதே! பூமியில் அது யுரேனியம், தோரியம் சிதைவதில் பிறந்து, சில இயற்கை எரிவாயு வயல்களில் மட்டும் பிரித்தெடுக்கும் அளவுக்குத் தேங்கியிருக்கிறது. காற்றில் கலந்தால் பிடிக்கக் கட்டுப்படியாகாது. அமெரிக்கா, கத்தார், அல்ஜீரியா, ரஷ்யா என்று சில நாடுகள்தான் பெரிய விற்பனையாளர்கள். 2017-ல் அண்டை நாடுகள் கத்தாருக்குத் தடை போட்டபோது அங்கே உற்பத்தி நின்றது. ரஷ்யாவின் அமூர் ஆலையில் 2021 அக்டோபரில் தீ, 2022 ஜனவரியில் வெடிப்பு. அமெரிக்க அரசு 1925-ல் தொடங்கிய சேமிப்பும் 2024-ல் தனியார் கைக்குப் போனது. எம்.ஆர்.ஐ. கருவிகளும் சிப் ஆலைகளும் கேட்கும் அளவுக்கு முன்னால் டைவர்கள் கொசு. தட்டுப்பாடு வந்தால் வரிசையில் கடைசி நாம்தான்.

ஹைட்ரஜன் பயன்படுத்தலாமா?

பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம் 1992-ல் ஹைட்ரஜன் கலவையில் ஒருவரை அழுத்த அறையில் 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமாகக் கொண்டுபோனது. 2023-ல் நியூசிலாந்தின் பியர்ஸ் நீரூற்றுக் குகையில் ஆஸ்திரேலிய டைவர் ரிச்சர்ட் ஹாரிஸ் ரீபிரீதரில் ஹைட்ரஜன் கலந்து 230 மீட்டர் போய் வந்தார். ஆக்சிஜன் 4 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தக் கலவை வெடிக்கக்கூடியது. பில்லைக் குறைக்க வந்த வழி அல்ல அது.

மிச்சமான ட்ரைமிக்ஸை டிரைசூட்டில் (தண்ணீர் புகாத உடையில்) ஊதிக்கொள்ளலாமா? வீணாகாதே.

ஹீலியம் காற்றை விடச் சுமார் ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஒருமுறை சூட்டுக்கான காற்றுச் சிலிண்டரை மறந்துபோய் அதைச் செய்தேன். டீகோ முழுக்கப் பல் அடித்துக்கொண்டிருந்தது. சின்னச் சிலிண்டரில் சாதாரணக் காற்றை எடுத்துப் போங்கள், அதற்குச் செலவும் இல்லை.