4294967297: பகா எண் போலவே தோன்றும் பகு எண்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக் கணித மன்றத்தில் பேச 4294967297 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 100 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டோம், ஒவ்வொன்றிலும் மீதி வருகிறது. பகா எண் என்றே எழுதிவிடலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே ஏமாந்த எண் இது.

வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி வருகிறது. வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டும், விடுமுறை முழுக்கப் போய்விடும். அதனால் முதலில் இந்த எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 2ஐ 32 முறை பெருக்கி 1 கூட்டினால் இது வரும். 2ஐ 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் மற்றவையும் அப்படியே இருக்கும் என்று 1640 வாக்கில் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித மேதை அந்த நம்பிக்கையை உடைத்தார்.

இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64ஆல் வகுக்க மீதி 1 வந்தே தீரும் என்பதையும் பின்னர் ஆய்லரே நிறுவினார். 65, 129, 193, 257 என்று 64 கூட்டிக்கொண்டே போங்கள். பகு எண்களைத் தள்ளினால் 193, 257, 449, 577, 641 மிஞ்சும். ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது: 641 × 6700417. எட்டு இலக்கக் கால்குலேட்டரில் விடை அடங்காது, தாளில் பெருக்கிப் பாருங்கள். 6700417 அதற்கு மேல் உடையாது.

ஆக, இது பகு எண், அதுவும் இரண்டே பகா எண்களின் பெருக்கல். காரணிகள் மொத்தம் நான்கு. தன்னைத் தவிர்த்த மூன்றின் கூடுதல் 6701059தான், எண்ணைவிடச் சிறியது, எனவே இது ‘குறை எண்’ வகை. இரும முறையில் எழுதினால் இரண்டு ஓரங்களிலும் 1, நடுவில் 31 பூச்சியம். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது வேறு. இதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதமாக எழுதலாம்: 65536, 1 என்ற ஜோடியின் வர்க்கங்கள் ஒன்று, 62264, 20449 என்ற ஜோடியின் வர்க்கங்கள் மற்றொன்று. பகா எண்ணுக்கு ஒரு வழிக்கு மேல் கிடைக்காது. அதாவது, காரணி எதுவென்று தெரியாமலேயே பகு எண் என்று சொல்லிவிடலாம். மன்றத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள், கைதட்டல் கிடைக்கும்.

அப்புறம், மகள் கணினி நிரல் எழுதிச் சோதிப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. குறியில்லாத (எதிர்ம எண்களுக்கு இடமில்லாத) 32 பிட் இடத்தில் 4294967295 வரைதான் கொள்ளும். இந்த எண்ணைப் போட்டால் உள்ளே வெறும் 1தான் நிற்கும். 64 பிட் வகையாக அறிவித்துவிட்டுத் தொடங்கட்டும்.